எனக்கு மட்டும் அல்ல



பொதுக்காலத்தின் முப்பதாம் ஞாயிறான இன்று திருச்சபை இரண்டு மனிதர்களை அருகருகே நிறுத்தியிருக்கிறது. ஒருவர் பவுலடியார். சிறையில் இருந்துகொண்டு, சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்தே திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். ஓட வேண்டிய ஓட்டத்தைத் தாம் ஓடி முடித்துவிட்டதாகவும், தமக்குரிய வாகை தயாராக இருப்பதாகவும் சொல்கிறார். மற்றவர் லூக்கா நற்செய்தியில் வரும் பரிசேயர். வாரத்துக்கு இரண்டு நாள் நோன்பு இருப்பதையும், வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிடுவதையும் கோவிலில் நின்று கடவுளுக்கு நினைவூட்டுகிறார்.

இரண்டு பேரும் தாங்கள் செய்ததைத்தான் சொல்கிறார்கள். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. பரிசேயர் பொய்க்கணக்குக் காட்டவில்லை. சொன்னபடி நோன்பு இருந்தவர், சொன்னபடி கொடுத்தவர். அப்படியிருக்க, பவுல் சொன்னால் அது மறைசாட்சியின் சாட்சியம், பரிசேயர் சொன்னால் தற்பெருமை என்கிறோமே, இது என்ன நியாயம்? வாசகத்தைக் கேட்டபோது உங்களில் யாருக்காவது இந்தக் கேள்வி எழுந்திருந்தால், நன்றாகக் கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

பவுல் ஓட்டத்தைப் பற்றிப் போகிற போக்கில் பேசவில்லை. கூடாரம் தைத்துப் பிழைத்துக்கொண்டு ஒன்றரை ஆண்டு கொரிந்தில் தங்கியிருந்தவர் அவர். அந்த ஊருக்குப் பக்கத்தில் இஸ்த்மியாவில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். வென்றவன் தலையில் இலைகளால் கட்டிய வாகையைச் சூட்டுவார்கள். சில நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். அந்த இலைக்காக மனிதர்கள் எப்படி வாயைக் கட்டி, தூக்கத்தை விட்டு, உடம்பை வருத்துகிறார்கள் என்பதைப் பவுல் கவனித்திருக்கிறார்.

நமக்கும் அது தெரியாததல்ல. விடியற்காலை நாலரை மணிக்குத் திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்குப் போகும் சாலையில் நின்று பாருங்கள். அமாவாசைக்குக் கடலாட வருகிறவர்களின் வேன்களுக்கு முன்னால், கருவேலங்காட்டு ஓரமாக நம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். கேட்டால், ‘பிசிக்கலுக்கு ஓடுறோம் ஃபாதர்’ என்பார்கள். காவலர் தேர்வு என்றால் பையன்கள் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். ராணுவம் என்றால் 1,600 மீட்டர், நேரம் இன்னும் குறைவு. மழை பொய்த்த வருடத்தில் வயலும் இல்லை, தடைக்காலத்தில் கடலும் இல்லை என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த ஏழு நிமிடத்துக்குள் ஒரு குடும்பத்தின் கடன், ஒரு தங்கையின் படிப்பு எல்லாம் அடங்கியிருக்கிறது. இவர்களுக்கு விசில் ஊதி, நேரம் பார்த்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து திரும்பிய அண்ணன்மார். பலர் காசு வாங்குவதில்லை.

அந்த அண்ணன்மாரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறவர் பக்கத்து மாவட்டத்துப் பெண் ஒருவர், புதுக்கோட்டை கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். அப்பா அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். தாத்தாதான் குடிசைக்கு முன்னாலிருந்த மண்தரையில் ஓடக் கற்றுக்கொடுத்தார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனையை ஒரு வினாடியில் நூற்றில் மூன்று பங்கு வித்தியாசத்தில் முந்தியிருந்தார்.

சில நாளில் பாலினச் சோதனை முடிவைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். அவர் ஊக்கமருந்து தின்னவில்லை, குறுக்கு வழியில் ஓடவில்லை. கடவுள் கொடுத்த உடம்போடு ஓடினார். அந்த உடம்பைத் தொலைக்காட்சியிலும் தேநீர்க் கடையிலும் ஊரே அலசியது. ஒரு பெண்ணை நடுவில் நிறுத்திக் கல்லெறியத் தயாராக நின்ற கூட்டத்தை யோவான் நற்செய்தியில் படித்திருக்கிறோம். அந்தக் கூட்டத்தின் கையிலாவது கல் வெளிப்படையாக இருந்தது.

பதக்கம் போன பிறகும் தமிழக அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. இந்த இடத்தைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். சூளையில் வளர்ந்த, அவமானப்பட்டு வீட்டுக்குத் திரும்பிய பெண்ணின் கையில் அவ்வளவு பணம். வீடு கட்டிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அதை வைத்துப் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சிக்கூடம் தொடங்கினார். 2009 வாக்கில் 68 பேர் அவரிடம் பயின்றார்கள். சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் முதல் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் பிடித்தார்கள். தன்னிடமிருந்து எதைப் பறித்தார்களோ, அதையே மற்ற பிள்ளைகளின் கையில் சேர்க்கப் பாடுபட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். 2012-இல் அவர் மறுபடியும் செங்கல் சூளையில், நாளுக்கு 200 ரூபாய் கூலிக்கு மண் சுமந்துகொண்டிருந்தார். பிறகுதான் பெங்களூருவில் பயிற்றுநர் படிப்பு, 2016-இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்றுநர் வேலை. இடையில் இருந்த அந்த ஆண்டுகளில் அவரோடு எத்தனை பேர் நின்றார்கள்?

பவுலும் அதையே எழுதுகிறார். தம் முதல் வழக்கு விசாரணையில் ஒருவரும் தம் பக்கம் நிற்கவில்லை, எல்லாரும் விட்டுப் போய்விட்டார்கள் என்று. கைவிட்டவர்கள் மேல் அந்தக் குற்றம் சுமத்தப்பட வேண்டாம் என்று உடனே வேண்டிக்கொள்கிறார். ஆண்டவர் ஒருவரே பக்கத்தில் நின்றார் என்கிறார். ஓடி முடித்த பெருமிதத்தைச் சொன்ன அதே மடலில், அதே மூச்சில் இது வருகிறது.

பக்கத்தில் நிற்கும் ஆண்டவரைப் பற்றி எனக்குப் பிடித்த சாட்சி, கிறிஸ்தவர் அல்லாத ஒரு முதியவருடையது. பஞ்சாபின் பியாஸ் கிராமத்து சீக்கியர் ஃபௌஜா சிங். ஐந்து வயது வரை அவருக்கு நடக்கவே வரவில்லையாம். மனைவி காலமானார், 1994-இல் மகன் குல்தீப் விபத்தில் கண்ணெதிரே இறந்தார். அந்தத் துக்கத்தை ஆற்ற முடியாமல், லண்டனில் பிள்ளை வீட்டில் இருந்தபடி ஓடத் தொடங்கினார். பயிற்சியாளர் ஹர்மந்தர் சிங்கிடம் முதன்முதலில் போனபோது கோட்டும் சூட்டும் அணிந்து போய் நின்றாராம். 2000-இல், 89 வயதில், லண்டன் மாரத்தானில் 42 கிலோமீட்டர் ஓடினார், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காக நிதி திரட்டி. உலகத்தை விட்டுப் போகும் வயதில் இருந்தவர், உலகத்துக்குள் வரப் போராடிய சிசுக்களுக்காக ஓடினார்.

மாரத்தானில் ஏறக்குறைய 30 கிலோமீட்டருக்குப் பிறகு உடம்பு சேர்த்துவைத்த சர்க்கரைச் சத்து தீர்ந்துவிடும். கால் கல்லாகும், நெஞ்சு போதும் போதும் என்று சொல்லும். முதல் 20 மைல் ஒன்றும் கஷ்டமில்லை, கடைசி ஆறு மைலும் கடவுளோடு பேசிக்கொண்டே ஓடுவேன் என்பார் ஃபௌஜா சிங். 2011-இல் டொராண்டோவில் 100 வயதில் மாரத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதைப் பதிய மறுத்தது. அவர் அலட்டிக்கொள்ளவில்லை. 2025 ஜூலை 14 அன்று, தம் ஊருக்குப் பக்கத்தில் நடந்துபோகும்போது வண்டி மோதி இறந்தார்.

ஓட்டத்தையும் கொடையையும் சேர்த்துப் பேசும் இந்த வேளையில், நம் ராமநாதபுரத்து விளையாட்டு அரங்கத்தின் பெயரை யோசித்துப் பாருங்கள். சீதக்காதி சேதுபதி அரங்கம். கீழக்கரை வள்ளல் ஒருவர், இந்தச் சீமையை ஆண்ட மன்னர் ஒருவர். நம் பிள்ளைகள் அங்கேதான் ஓடித் தேறுகிறார்கள். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று சொல்லாத வீடு இந்தக் கடற்கரையில் உண்டா?

செத்தும் கொடுக்கிற ஓட்டக்காரர் ஒருவர் கனடாவில் இருந்தார். பெயர் டெரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயால் 18 வயதில் வலது காலை இழந்தவர். 1980 ஏப்ரல் 12 அன்று, பொய்க்காலோடு, அந்த நாட்டின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கினார். நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு; அவர் கேட்டது அவ்வளவே. 143 நாளில் 5,373 கிலோமீட்டர். செப்டம்பர் 1 அன்று நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து நின்றார். அடுத்த ஆண்டு ஜூன் 28 அன்று இறந்தார், வயது 22. கேட்ட டாலர் அவர் உயிரோடு இருக்கும்போதே சேர்ந்துவிட்டது. பின்பு அவர் பெயரில் நாடு நாடாக ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டங்களில் சேர்ந்தது 80 கோடி கனடா டாலருக்கு மேல். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது. அதில் முதலாவது, இரண்டாவது என்று கிடையாது. பரிசும் கிடையாது. வந்தவர்கள் ஓடுவார்கள், நடப்பார்கள், தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பவுல் வாகையைப் பற்றிச் சொன்ன உடனே ஒரு திருத்தம் சேர்க்கிறார். எனக்கு மட்டும் அல்ல, ஆண்டவரின் வருகையை ஆசையோடு எதிர்நோக்கும் எல்லாருக்கும் அது உண்டு என்கிறார். பரிசேயரின் வேண்டுதலில் அந்தத் திருத்தம் இல்லை. பக்கத்தில் நின்ற வரிதண்டுபவர் தம்மைப் போல் இல்லை என்பதற்காகவே அவர் நன்றி சொல்கிறார். ஓடும்போது பக்கத்துத் தடத்தைத் திரும்பிப் பார்க்காதே என்று எந்தப் பயிற்றுநரும் அதட்டுவார். பரிசேயர் பார்த்துவிட்டார். பவுலும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்கிறார்தான். ஆனால் அவர்களுக்கும் வாகை வேண்டும் என்று பார்க்கிறார்.

நம் காணிக்கைகளையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும், கோபப்படாதீர்கள். நாம் எதைக் கொடுத்தாலும் பெயர் எழுதாமல் விடுவதில்லை. மின்விசிறியின் இறக்கையில்கூட உபயதாரர் பெயர் இருக்கிறது. சுற்றும்போது வாசிக்க முடியாது என்பது ஆறுதல். நிதி திரட்டும் ஓட்டங்களிலும் இந்த நோய் உண்டு. மும்பையில் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் மாரத்தானில் தொண்டு நிறுவனங்களுக்குப் பல கோடி ரூபாய் சேர்கிறது, நல்ல காரியம். ஆனால் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ரூபாய் என்று கைபேசியில் படம் போடுவதோடு நின்றுவிட்டால், அது வாரத்துக்கு இரண்டு நோன்பும் பத்தில் ஒரு பங்கும்தான். அப்படிக் கொடுத்த பணமும் ஏழைக்கு உதவும், மறுக்கவில்லை. எளியோரின் மன்றாட்டு முகில்களைத் துளைத்துச் செல்லும் என்று சீராக் சொல்வதை முதல் வாசகத்தில் கேட்டோம். அந்த மன்றாட்டுக்குக் கொடுத்தவரின் பெயர்ப்பட்டியல் தேவைப்படுவதில்லை.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். இன்றைய வாசகத்தில் நடுவே சில வசனங்களை விட்டுவிட்டுத் தாண்டி வாசித்தோம். வீட்டுக்குப் போய் இரண்டாம் திமொத்தேயு நான்காம் அதிகாரத்தை முழுதாகப் படியுங்கள். ஓட்டத்தை முடித்துவிட்டேன் என்ற பவுல், துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரச் சொல்கிறார், புத்தகங்களையும் கேட்கிறார், குளிர்காலத்துக்கு முன்னால் வந்துவிடு என்கிறார். வாகை காத்திருக்கிறது, சரி. இடையில் சிறையில் குளிருகிறதே.

நம் பிள்ளைகளுக்கும் இது ஐப்பசி. மழை தொடங்கிவிட்டது, சேதுக்கரைச் சாலை சேறாகும். கிழிந்த ஷூவோடு ஓடுகிறவர்கள் உண்டு, வெறுங்காலோடு ஓடுகிறவர்களும் உண்டு. ஓடிவிட்டுக் கறுப்புத் தேநீரோடு பள்ளிக்கூடம் போகிறார்கள். திருப்பலி முடிந்து வெளியே போகும்போது வராந்தாவில் ஒரு பெட்டி இருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பி வீட்டில் சும்மா கிடக்கும் ஷூ, நிலக்கடலை, கேழ்வரகு மாவு, முட்டைக்குப் பணம், எதுவானாலும் போடலாம். ஓடுகிறவர்களில் நம் கோவில் பிள்ளைகளும் இருக்கிறார்கள், பெருமாள் கோவில் தெருப் பிள்ளைகளும் பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், எல்லாருக்கும் சேர்த்துத்தான். பெட்டிக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகம் வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு அறிவிப்பில் யார் பெயரையும் வாசிக்க மாட்டேன்.