திட்டி எழுதிய அந்த வரியை அழித்துவிடுங்கள்

"இன்னும் எத்தனை மாதம் காத்திருப்பது? இந்த ப்ராஜெக்ட் உயிரோடு இருக்கிறதா?" என்று யாரோ ஒருவருக்கு எழுதி வைத்திருக்கிறீர்களா, தம்பி? அனுப்பாதீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரையாவது பொறுங்கள்.

எக்ஸ்இசட் என்றொரு மென்பொருள் உண்டு. கோப்புகளைச் சுருக்குவது அதன் வேலை. லினக்ஸ் ஓடும் கணினிகளில் பெரும்பாலும் அது இருக்கும். அதைப் பல ஆண்டுகள் கட்டிக் காத்தவர் ஃபின்லாந்தில் ஒரே ஒருவர். சம்பளம் கிடையாது. 2022இல் சிலர் அவரை நச்சரிக்கத் தொடங்கினார்கள்: வேலை நகரவில்லை, உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது, பொறுப்பை வேறு ஆளிடம் கொடுங்கள். தமக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது கூலியில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்வது என்பதையும் அவர் எல்லோரும் படிக்கும்படியே சொன்னார். அதற்குப் பிறகும் அவர்கள் விடவில்லை.

அருகில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இருந்தார். 2021 முதலே பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பிவந்தவர். களைத்துப்போன மனிதர் சாவியை அவரிடமும் கொடுத்தார். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பிலும், அடுத்து வந்த 5.6.1லும் கள்ளக்கதவு இருந்தது. சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் அதை ஒளித்திருந்தார்கள். எஸ்எஸ்எச் வழியாக அடுத்தவர் சர்வருக்குள் புகுவதுதான் நோக்கம்.

ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலர் அதைப் பிடித்தார். லாகின் ஆக அரை நொடி கூடுதலாவதைப் பார்த்து, விடாமல் தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் நிலையான பதிப்புகளுக்கு அது பரவுவதற்குள் தடுத்தாயிற்று.

அந்த அரை நொடியை எல்லோரும் கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் என்னைத் தூங்கவிடாதவை 2022இன் அந்த மின்னஞ்சல்கள். அவற்றை எழுதியவர்களின் பெயர்கள் போலி என்றே ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அப்போது அது ஏன் யாருக்கும் உறுத்தவில்லை? நாமும் அப்படித்தானே எழுதுகிறோம்! இனாமாகக் கொடுப்பவரிடம் வாடகை பாக்கி கேட்பதுபோல் கேட்கிறோம். கள்ளன் நம் குரலில் பேசியதால்தான் அவனை நமக்கு அடையாளம் தெரியவில்லை. படித்துக்கொண்டிருந்த அத்தனை பேரில் ஒருவராவது "அவரை விடுங்கள், நான் என்ன செய்யட்டும்?" என்று உரக்கக் கேட்டிருக்கலாம்.

இப்படிப் புகுபவனைத்தான் ஹேக்கர் என்று செய்தித்தாள் எழுதுகிறது. ஆனால் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அந்தச் சொல்லைப் பெருமையோடு சூடிக்கொண்டவர்கள் ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் எடுத்துச் செம்மைப்படுத்தி வைத்தார்கள். அந்த மரபில் வந்ததைத்தான் தினமும் பயன்படுத்துகிறோம். பயன்படுத்துகிறவருக்கும் அதில் கடமை உண்டு.

உங்கள் நிறுவனம் கட்டற்ற மென்பொருளை வைத்துச் சம்பாதிக்கிறதா? அதில் ஒரு பங்கை எழுதியவர்களுக்கு ஒதுக்கச் சொல்லி மேலாளரிடம் இந்த வாரமே கேளுங்கள். 2014இல் ஹார்ட்பிளீட் வழு வெடித்தபோதுதான், இணையப் பரிமாற்றத்தைக் காத்துவந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துகொண்டிருந்தது என்பது வெளியே தெரிந்தது. விபத்துக்குப் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் பணத்தோடு வந்தன. அடுத்த விபத்துவரை காத்திருக்காதீர்கள்.

பணம் உங்கள் கையில் இல்லையென்றால் நேரம் இருக்கிறது. உங்கள் நிரல் எந்தெந்த லைப்ரரிகளை நம்பியிருக்கிறது என்று இன்றிரவே பாருங்கள். தனியாள் தாங்கிக்கொண்டிருக்கும் ஒன்று அதில் நிச்சயம் அகப்படும். அங்கே பதிலில்லாமல் கிடக்கும் வழு அறிக்கை ஒன்றை எடுங்கள். உங்கள் கணினியில் அந்த வழு வருகிறதா என்று சோதியுங்கள். எந்தப் பதிப்பில், என்ன செய்தபோது வந்தது என்று வரிசையாக எழுதி அனுப்புங்கள். பதிலுக்கு அவரை அவசரப்படுத்தாதீர்கள்.