தூரமா, துயரமா?

சேலத்தை அடுத்த காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னை, வானவழியில் ஏறத்தாழ 265 கிலோமீட்டர். சாலைவழியிலோ சேலத்திலிருந்து 340 கிலோமீட்டரை ஒட்டும். 2018 மார்ச் 25-ஆம் நாள் உடான் திட்டத்தின்கீழ் இவ்வழியில் விமானம் பறக்கத் தொடங்கியபோது, ஓர் இரவுப் பயணம் ஒரு மணி நேரமாகச் சுருங்கிற்று.

அச்சமயம் மாணவர் ஒருவர் என்னிடம் வினவினார்: "ஹஜ்ரத், இருக்கையில் சாய்ந்தபடி பறப்பவர் முஸாபிர். நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். ரமலானில் நோன்பைப் பிற்படுத்தலாம். சுடுவெயிலில் சேகோ ஆலைக் களத்தில் மாவு உலர்த்தும் கூலியாளுக்கு இவை இல்லையே! சலுகை தூரத்துக்கா, துயரத்துக்கா?"

கேள்வி எளிதன்று. சலுகையின் ஹிக்மத், அதாவது உட்கருத்து, சிரமத்தை நீக்குவதே. ஆனால் சட்டம் தொங்கும் இல்லத், அதாவது காரணம், பயணமே என்றனர் ஃபுகஹாக்கள். ஏனெனில், சிரமத்தை அளக்க முழக்கோல் இல்லை. ஒருவருக்குச் சுமையாவது இன்னொருவருக்கு விளையாட்டு. தூரமோ அனைவர்க்கும் ஒன்றே. ஆகவே ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைத் தூரம் எல்லையாயிற்று. பிற்கால இந்திய உலமாக்கள் அதனை 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் எனக் கணித்தனர். அத்தூரத்தை ஒரே நாளில் விரைந்து கடப்பவரும் முஸாபிரே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த 77 கிலோமீட்டருக்குள் ஒரு மனிதன் நடந்துகொண்டிருக்கிறான்! சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே நேர்வழி ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். விமானத்துக்கு அது சில மணி நேரம். அவனுடைய நடைவேகத்திலோ ஐந்து மாதத்துக்கும் மேல். அவனுடைய களைப்புக்கு அருளப்பட்ட சலுகையைக் களைப்பறியாத நாம் அனுபவிக்கிறோம்.

அப்படியாயின் நாம் அதற்குத் தகுதியற்றவர்களா? அச்சம் நீங்கிய பின்னும் கஸ்ர் ஏன் என்று ஹஜ்ரத் உமர் (ரலி) வினவியபோது, அது அல்லாஹ் வழங்கிய தருமம், அதனை ஏற்க வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) விளக்கியதாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். தருமம் என்பது கூலி அன்று. பட்ட பாட்டைக் கணக்கிட்டு அளப்பது கூலி. கணக்கின்றி அருளப்படுவது தருமம். எனவே அதனைக் கூச்சமின்றி ஏற்போம்.

ஆயினும் தருமம் பெற்ற கை மூடிக்கொள்ளலாகாது. களத்தில் நிற்பவருக்கு உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேருமெனில் நோன்பை விட ஷரீஅத் இடமளிக்கிறது. வெறும் களைப்பு மட்டும் அவரை முஸாபிராக்குவதில்லை. சட்டம் நின்றுவிட்ட அவ்விடத்தில்தான் நம் கடமை தொடங்குகிறது. சட்டம் தூரத்தை அளக்கட்டும். அதனால் அளக்க இயலாத துயரத்தை முதலாளியின் மனச்சான்று அளக்கலாம் அல்லவா? நண்பகல் வேலையை விடியற்காலைக்கு மாற்றலாம். கூலியைக் குறைக்காமல் நேரத்தைக் குறைக்கலாம்.

மாணவருக்கு நான் அளித்த விடை இதுவே: வானில் தம் தொழுகையைச் சுருக்கிக்கொண்டவர், தரையிறங்கியதும் தம்மிடம் உழைப்பவரின் சுமையையும் சற்றே சுருக்கட்டும்.