வாளேந்தும் இளைஞரும் சமூகத்தின் கடமையும்

உப்புக் கடலின் அருகே நன்னீராய் ஊறுவது கீரிமலைத் தீர்த்தம். கீரிமுகம் கொண்டிருந்த நகுல முனிவரும், குதிரைமுகம் கொண்டிருந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியும் இத்தீர்த்தத்தில் நீராடி, நகுலேஸ்வரப் பெருமானை வழிபட்டு மனித முகம் பெற்றனர் என்பது ஐதீகம். விலங்கு முகம் நீங்கிய இப்புண்ணிய பூமியைத் தன்னகத்தே கொண்ட யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, முகத்தைத் துணியால் மூடி வாளுடன் வீடு புகும் இளைஞர்களைப் பற்றிச் சிந்திக்க வேண்டியிருப்பது வேதனைக்குரியது.

2009 ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னர், ‘ஆவா’ முதலிய பெயர்களில் வாள்வெட்டுக் குழுக்கள் இங்கு தலையெடுத்தன. பிறந்தநாள் கேக்கை வாளால் வெட்டிப் படம் எடுத்து வெளியிட்ட இளைஞர்கள் கைதான செய்திகளும் வந்தன. பழிதீர்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பப்படுவதாகப் பொலிஸார் பலமுறை கூறியுள்ளனர்.

போருக்குள் வளர்ந்ததே இதற்குக் காரணம் என்பர் சிலர். அது முழு உண்மை அன்று. போருக்குள் வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வாளைத் தொட்டவர்கள் அல்லர். மறுபுறம், போர் இல்லாத கனடாவின் ரொறன்ரோ நகரிலே 1990 களில் தமிழ் இளைஞர் குழுக்கள் துப்பாக்கியுடன் மோதின. 2001 ஒக்டோபரில் பலர் கைதாயினர். அங்கே பெற்றோர் பலர் இரவு பகலாக வேலைக்குச் சென்றனர். இங்கே சிலர் வெளிநாட்டில், சிலர் கூலிக்கு. பொருள் உள்ள வீட்டிலும் இல்லாத வீட்டிலும் குறை ஒன்றுதான்: பிள்ளையிடம் “எங்கே போனாய், யாரோடு போனாய்?” என்று அன்போடு கேட்க ஆள் இல்லை.

அந்த வெற்றிடத்திலே குழு நுழைகின்றது. பள்ளியில் தோற்றவனுக்கு ஒரு பெயரும், தனித்தவனுக்குக் கூட்டாளிகளும், மதிப்பில்லாதவனுக்குப் பிறர் அஞ்சும் மதிப்பும் அது கொடுக்கின்றது. ‘நான்’ என்னும் ஆணவம் தலைக்கேறுகின்றது. முதல் வெட்டு நிகழ்ந்தபின் வழக்கும், எதிர்க்குழுவின் அச்சமும் அவனை வெளியேற விடுவதில்லை. ஆகவே தடுக்க வேண்டிய காலம் முதல் வெட்டுக்கு முன்னரே.

குற்றம் யாருடையது? வெட்டுண்டவனுக்கு நீதி கிடைக்க வேண்டும்; வெட்டியவன் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆயினும், வினையைச் செய்பவன் மாத்திரமன்றிச் செய்விப்பவனும் உடன்படுபவனும் அதன் பயனில் பங்காளரே என்பது பெரியோர் துணிபு. பணம் அனுப்பியவர், மகன் ஒளித்த வாளைக் கண்டும் காணாதிருந்தவர், அந்தப் படத்தைப் பார்த்து மெச்சியவர் எல்லோரும் அப்பங்காளரே. ஆலய நிர்வாகப் பூசலுக்காக வீதியில் கைகலந்து நீதிமன்றம் ஏறும் பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். பகையைத் தீர்க்கும் வழி இதுதான் என்று பிள்ளைகள் கண்ணால் கற்றுக்கொள்கின்றனர்.

திருவிளையாடற் புராணத்து மாபாதகம் தீர்த்த படலத்திலே, தந்தையைக் கொன்ற மகனையும் சோமசுந்தரப் பெருமான் கைவிடவில்லை. பசுக்களுக்குப் புல் கொடுத்தல், தீர்த்தமாடுதல், ஆலயத்தை வலம்வருதல் என நாள்தோறும் செய்யும் தொண்டையே மருந்தாகக் கொடுத்தார். இளவரசியும் ஒரே முழுக்கில் முகம் மாறியவள் அல்லள். தீர்த்தத்தின் பெருமையை எடுத்துச்சொன்ன ஒரு பெரியவர் அவளுக்கு வாய்த்தார். அவர் சொற்படி இங்கு தங்கி நாள்தோறும் நீராடினாள். ரொறன்ரோவிலும் தமிழ் இளைஞர்களே 1990 களின் இறுதியில் மையம் ஒன்று அமைத்துத் தம் வயதினரை வழிப்படுத்த முன்வந்தனர்.

எனவே சந்தியில் நிற்கும் பிள்ளையைக் ‘காவாலி’ என்று ஒதுக்காது பெயர் சொல்லி அழைத்தல் வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பெற்றோர் கேட்டல் வேண்டும். அறநெறிப் பாடசாலையை விட்டு நின்றவனுக்குத் தண்ணீர்ப்பந்தலிலும் கேணித் துப்புரவிலும் பொறுப்புக் கொடுத்தல் வேண்டும். தேர் வடம் பிடிக்கும் கைக்கு வாள் பாரமாகத் தோன்றும்.

மூடிய முகங்கள் திறந்து மனித முகம் பெற, நகுலாம்பிகா சமேத நகுலேஸ்வரப் பெருமானின் திருவருள் துணைநிற்பதாக.