பார்வை

சூரிச் மாநிலத்தின் வடக்கே, தூர் ஆறு ரைனில் கலக்கும் இடத்துக்கு அருகில் நீடர்ஹோல்ட்ஸ் என்றொரு காடு இருக்கிறது. ஆற்றோரம் வெள்ளம் வந்துபோகும் தாழ்நிலம். அதைத் தாண்டினால் சரளை மண்ணில் முதிய ஓக் மரங்கள். ஜெர்மனில் மிட்டெல்ஸ்பெக்ட் எனப்படும் நடுத்தர மரங்கொத்திக்கு இந்தப் பகுதியில் முக்கியமான இருப்பிடம் இதுதான். மரத்தை ஆழமாகக் கொத்தும் பலம் அதற்கில்லை. வெடித்த பட்டையின் இடுக்குகளில் பூச்சி பொறுக்கிப் பிழைக்கிறது. ஓக்கின் பட்டை அப்படி வெடிக்கப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

மற்ற மரங்கொத்திகள்போல இது மரத்தில் தாளம் தட்டி ஊருக்கு அறிவிப்பதும் அரிது. மார்ச், ஏப்ரலில் மூக்கால் அழுவதுபோல ஒரு குரல், அவ்வளவுதான். மே மாதம் இலை மூடிவிட்டால் கண்ணுக்குப் படுவது கடினம். ஆகவே பலர் கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுகிறார்கள். போட்டிக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று பறவை பதறி வெளியே வரும். படம் கிடைக்கும்.

நம் ஊரில் கவுதாரி பிடிப்பவர்கள் பழக்கிய கவுதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிடுவார்கள். இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க வளர்த்த இத்தகைய விலங்குக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்றே பெயர். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இந்தச் சொல் கொஞ்சம் உறுத்தவேண்டும்.

பத்து நொடி ஒலியில் என்ன கெட்டுவிடும், நாயோடு நடப்பவர்கள் இதைவிடத் தொந்தரவு என்று ஒரு நண்பர் வாதிடுவார். நாய் பொய் இல்லை. பறவை அதைச் சரியாகவே புரிந்துகொண்டு விலகுகிறது. ஊரிலிருந்து யாரோ அழைத்து, "உங்கட காணிக்குள்ள ஆரோ வேலி போடுறாங்கள்" என்று பொய்யாகச் சொன்னால் நமக்கு அன்றிரவு தூக்கம் வருமா? அழைத்தவருக்கு அது பத்து நொடிதான். என் தொழிலில் ஒரு அமைப்பைச் சோதிக்கப் போலிக் கோரிக்கைகள் அனுப்புவது வழக்கம். அமைப்புக்குப் பசியில்லை, கூட்டில் குஞ்சுமில்லை.

சிக்கல் என்னவென்றால், கணக்கெடுப்பவர்களும் இதே பொய்யைத்தான் சொல்கிறார்கள். ஒலி போடாமல் எண்ணினால் பல சோடிகள் தவறிவிடும். எங்கே எத்தனை என்று தெரிந்தால்தான் எந்த ஓக்கை வெட்டாமல் விடுவது, அதை நிழலால் அமுக்கும் எந்தப் பீச் மரத்தை அகற்றுவது என்று வனத்துறையோடு பேசமுடியும். பீச் மரத்துக்கும் உயிர் உண்டு என்பது வேறொரு கட்டுரை.

குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் வள்ளுவர் இடம் கொடுத்தார். நன்மை யாருக்கு என்பதுதான் கேள்வி. ஏமாந்தவருக்கே அது போய்ச் சேரவேண்டும் என்று நான் வாசிக்கிறேன். கணக்கெடுப்பவர் அளவோடு ஒலித்து, பறவை பதில் தந்ததும் நிறுத்தி, குறித்துக்கொண்டு நகர்கிறார். அந்தக் குறிப்பு ஒரு மரத்தைக் காக்கலாம். என் படமோ என் தொலைபேசியிலேயே கிடக்கும். படங்கள் பறவைமேல் அன்பை வளர்க்கும் என்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஒலி இல்லாமல் போவதானால் குளிர்காலமே நல்லது. கிளைகள் வெறுமையாக இருக்கும், சிவப்பு உச்சந்தலை தூரத்திலேயே தெரியும். இலையுதிர் காலத்தில் காக்கை இனத்து ஐகெல்ஹேயர் ஓக் விதைகளைக் கொண்டுபோய் மண்ணில் புதைப்பதைப் பார்க்கலாம். தோண்டாமல் விட்டவற்றில் சில முளைக்கும். மரங்கொத்தி வராத நாட்கள்தான் அதிகம்.