மாணவர் கண்ட மருந்து, நோயாளி ஏற்ற ஊசி

1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு ஓர் ஊசி போட்டார்கள். நீரிழிவால் வற்றிப்போன உடம்பு. எடை முப்பது கிலோகூடத் தேறாது. அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு இருந்த வைத்தியம் பட்டினிக்குச் சமமான பத்தியம் ஒன்றுதான். ஊசிக்குள் இருந்தது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த பழுப்பு நிறச் சாறு. அதைத் தயாரித்தவர்கள் பிரெடரிக் பாண்டிங் என்ற இளம் அறுவை மருத்துவரும், சார்லஸ் பெஸ்ட் என்ற 22 வயது மாணவரும். இளநிலைப் படிப்பை முடித்த கையோடு 1921 கோடையில் சோதனைக்கூடத்துக்கு வந்தவர் பெஸ்ட். முதலில் யார் போவது என்று அவரும் இன்னொரு மாணவரும் காசு சுண்டிப் பார்த்ததாகச் சொல்வதுண்டு.

ஊசி பலிக்கவில்லை. சர்க்கரை கொஞ்சம் இறங்கியது, குத்திய இடத்தில் கட்டி கிளம்பியது. அத்தோடு நிறுத்திவிட்டார்கள். ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியல் வல்லுநர் தாம் சுத்தப்படுத்திய சாற்றைக் கொடுத்து, ஜனவரி 23-இல் மறுபடி போட்டபோதுதான் சிறுவன் தேறினான்.

இரண்டாவது ஊசியின் வெற்றி முதல் ஊசியின் நியாயத்தைக் கேள்வி கேட்க விடாமல் செய்துவிட்டது. சாகப்போகிற பிள்ளைக்கு இழக்க என்ன இருக்கிறது என்பதுதான் வழக்கமான பதில். கேட்க நியாயமாகத் தோன்றும் இந்தப் பதில்தான் ஆபத்தானது. நாளை சாகப்போகிறவன் என்பதால் இன்றைய வலி அவனுக்கு வலிக்காமல் போய்விடுமா? பிள்ளை கண்முன்னே கரைவதைப் பார்க்கிற தகப்பன் எதற்கும் சம்மதிப்பான். மறுக்க முடியாதவரிடம் கேட்கும்போது, கேட்பவரின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

சாறு பலிக்காது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது என்பது உண்மை. பின்னால் நடந்ததை வைத்து அவர்களைக் குற்றம் சொல்வது சுலபம், அது நேர்மையும் அல்ல. ஆனால் ஏன் இந்த அவசரம் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. காலிப் தன் பங்குக்கு வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தார். தங்கள் சாறுதான் முதலில் மனித உடம்பில் ஏற வேண்டும் என்று பாண்டிங் துடித்தார். சிறுவனின் நலன் அந்த அவசரத்தில் கலந்திருந்தது, ஆனால் அது மட்டுமே காரணமாக இல்லை. பந்தயத்தின் செலவை அவன் உடம்பு கொடுத்தது. அந்த அளவில் முதல் ஊசி தவறு என்றே சொல்ல வேண்டும்.

இதனால் மாணவர்களை ஆராய்ச்சியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்று ஆகாது. கணையத்தில் தீவுபோலக் கிடக்கும் செல்கூட்டங்களை 1869-இல் எழுதிவைத்த பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது பெர்லினில் மாணவர். அவை என்ன வேலை செய்கின்றன என்று தமக்குத் தெரியவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதினார். 1916-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவரை, இரத்தத்தை உறைய வைக்கும் பொருளை ஆராயச் சொன்னார் பேராசிரியர். மாணவர் கண்டதோ உறையவிடாத பொருள். ஹெபாரினின் கதை அங்கேதான் தொடங்குகிறது. எதைக் குப்பையில் போட வேண்டும் என்று இன்னும் கற்காத கண்ணுக்கு இப்படிச் சில தட்டுப்படும்.

ஆனால் இவை சோதனைக்கூடத்து மேசைமீது நடந்தவை. நோயாளியின் படுக்கையருகே வந்தால் நிலைமை வேறு. அங்கே மாணவரும் முழுச் சுதந்திரமுள்ளவர் அல்ல. மாணவர்களையே எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்களில் சேர்க்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறை. வழிகாட்டும் பேராசிரியரிடம் முடியாது என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? அதே கழகம்தான் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு இரண்டு மாத ஆராய்ச்சிக்கு உதவித்தொகையும் தருகிறது. நல்ல திட்டம். சிக்கல் வார்டில் தொடங்குகிறது.

ஓ.பி. சீட்டைப் பிடித்துக்கொண்டு விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்ற பெண்ணிடம் வெள்ளைக் கோட்டுப் பையன் ஒருவன் வந்து, "அம்மா, ஒரு அஞ்சு மில்லி ரத்தம் வேணும், இங்க ஒரு கையெழுத்து" என்கிறான். "எடுத்துக்கோங்க டாக்டர் தம்பி" என்று அவர் கையை நீட்டுகிறார். வைத்தியத்தில் இதுவும் ஒன்று என்றுதான் அவர் நினைக்கிறார். கையெழுத்து உண்மை, சம்மதம் பொய். "நான் இன்னும் படிக்கிறவன், இதனால் உங்கள் வைத்தியத்தில் எந்த மாற்றமும் வராது, வேண்டாம் என்றாலும் ஒன்றும் ஆகாது" என்ற மூன்றையும் சொல்லிவிட்டுக் கேட்பதே முறை. இப்படிச் சொன்னால் யார் கொடுப்பார்கள் என்று அஞ்சும் துறைத்தலைவர், சொல்லாமல் வாங்கும் கையெழுத்து எதன் பேரில் கிடைக்கிறது என்பதை யோசிக்கட்டும்.

வாங்கிய இரத்தத்துக்குக் கணக்கும் சொல்ல வேண்டும். முதல் ஊசியால் நோயாளிக்குப் பலன் எதுவும் தெரியவில்லை என்பதை டொராண்டோ குழு 1922 மார்ச்சில் வெளியிட்ட கட்டுரையில் மறைக்கவில்லை. அந்த நேர்மையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாணவர் ஆராய்ச்சிகளில் எதிர்பார்த்த விடை வராதவை பெரும்பாலும் சான்றிதழ் கைக்கு வந்ததும் அலமாரிக்குப் போய்விடுகின்றன. எழுதிவைக்காவிட்டால் அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் அதே கேள்வியோடு வந்து, வேறொருவர் கையில் ஊசி குத்துவார்.