தருமியைப் பார்த்துச் சிரிக்கலாமா?

வறுமையைப் பார்த்துச் சிரிப்பது பாவம் என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். ஆனால் 1965-இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில், தருமியாக வரும் நாகேஷ் ஆளில்லாத கோயிலில் ஆயிரம் பொன்னை நினைத்துப் புலம்புகிறபோது சிரிக்காதவர் உண்டா? அங்கே நமக்குச் சிரிப்பு மூட்டுவது எது? ஓர் ஏழைப் புலவனின் பசி அல்லவா?

நாகேஷ் பல வேஷம் கட்டியவர். ரயில்வே குமாஸ்தா வேலையிலிருந்து, அம்மைத் தழும்பு முகத்தோடு நடிக்க வந்தவர். 'சர்வர் சுந்தரம்' (1964) படத்தில் ஓட்டல் சிப்பந்தியின் ஏக்கத்தையும் சிரிப்போடுதான் காட்டினார். 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தியைப் பற்றி எனக்குக் கவலையில்லை; பிறரை விற்றுப் பிழைக்கிறவனைப் பார்த்து எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். 'மகளிர் மட்டும்' (1994) படத்தில் பிணமாகவே வந்து, ஒரு வார்த்தை பேசாமல் சிரிக்க வைத்தார். அதுகூட என்னை உறுத்தவில்லை. தருமிதான் உறுத்துகிறான்.

ஜவ்வாது மலைக்குப் போயிருந்தபோது, ஜமுனாமரத்தூரில் ஒரு டீக்கடைத் தொலைக்காட்சியில் அந்தக் காட்சி ஓடியது. மலைக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். பட்டணத்துக் கொட்டகைகளில், சபையில் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டுத் தருமி திருதிருவென்று விழிக்கும்போது சிரிப்பு பலமாக எழும். இவர்களோ அங்கே சிரிக்கவில்லை. கைக்கு வராத காசை எண்ணி அவன் தவிக்கிற இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் ஓலையோடு அரண்மனைக்குப் புறப்பட்டதும் ஒரு பெரியவர், "போவாதடா, மாட்டிக்குவ" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் இந்த மலைக்காரர்களும் உண்டு. கடத்தலில் பணம் பண்ணுகிறவன் எங்கோ இருக்கிறான். கூலியை நம்பிப் போகிறவன்தான் அகப்படுகிறான். பாட்டு எழுதியவர் ஒருவர், சபையில் நின்று விழிப்பவன் இன்னொருவன் என்பது அந்தப் பெரியவருக்குப் புராணமாகத் தோன்றவில்லை போலும்.

தருமியை நல்லவனாகக் காட்ட நாகேஷ் முயலவே இல்லை. பேராசை, பயம், பொய் எல்லாம் அவனிடம் உண்டு. பாட்டுத் தர வந்த சிவனையே நிறுத்திவைத்துப் பரீட்சை பார்க்கிற துடுக்கும் உண்டு. மாறாக, பார்ப்பவர் இரக்கப்படும்படி அவர் கண்ணைக் கசக்கியிருந்தால், நாம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, இளகிய மனம் நமக்கு என்ற திருப்தியோடு எழுந்து போயிருப்போம்.