வெயிலை எப்படி வேலை வாங்குவது?

2023 செப்டம்பர் 2, முற்பகல் 11.50 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்-1 கிளம்பியது. அருகிலுள்ள சூளூர்பேட்டை, ராக்கெட் என்றாலே மொட்டைமாடிக்கு ஏறிவிடும் ஊர். சூரியனை ஆராயப் போன அந்தக் கலமும் தனக்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரியத் தகடுகளிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அண்ணாந்து பார்க்க நாம் ஏறும் அதே மாடியில் வருஷம் முழுக்கக் காயும் வெயிலை என்ன செய்கிறோம் என்பதுதான் இன்று யோசிக்க வேண்டியது.

வெயிலில் நமக்கு வெளிச்சமும் கிடைக்கிறது, சூடும் கிடைக்கிறது. சோலார் தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம் மட்டுமே. சிலிக்கன் மீது ஒளி பட்டதும் அதிலுள்ள எலெக்ட்ரான்கள் விடுபட்டு ஒரு பக்கமாக ஓடுகின்றன. அந்த ஓட்டத்தை இன்வெர்ட்டர் வீட்டு மின்சாரமாக மாற்றித் தருகிறது. சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் விளைச்சல் ஏறக்குறைய 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மே மாதத்து உச்சிவெயிலில் தகடு 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. தளத்தோடு ஒட்டாமல், காற்று புகுந்து போக இடம் விட்டுத் தகடுகளைத் தூக்கிக் கட்டுவது இதனால்தான்.

சூட்டை அப்படியே பிடித்து வேலை வாங்கிய இடம், சூளூர்பேட்டை இருக்கும் இதே திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 2002-ல் திருமலை அன்னதானச் சமையலுக்காக 106 குழிவான கண்ணாடித் தட்டுகளை வரிசையாக நிறுவினார்கள். சூரியன் நகர நகரத் தட்டுகளும் திரும்பும். ஒளியைக் குவித்துத் தண்ணீரை ஆவியாக்க, அந்த ஆவி அடுப்படிக்குக் குழாய் வழியே போகும். நாளொன்றுக்கு 15,000 பேருக்குச் சமைப்பதற்கென்று திட்டமிட்ட அமைப்பு அது. அதில் மின்சாரம் என்ற இடைத்தரகரே இல்லை.

சூட்டைச் சூடாகவே பயன்படுத்தும் இந்தக் கணக்கு நம் வீட்டுக்கும் பொருந்தும். தகடு தன்மேல் விழும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. சோலார் வாட்டர் ஹீட்டர் பாதிக்குமேல் பிடித்துத் தண்ணீரில் சேர்த்துவிடும். ஆகவே குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் அதற்கு ஹீட்டர், விளக்குக்கும் விசிறிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் தகடு என்று பிரித்துக்கொள்வதே சரி என்பது என் எண்ணம். விடுதிகளும் மருத்துவமனைகளும் திருமண மண்டபங்களும் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அங்கே வெந்நீருக்கே எவ்வளவு மின்சாரம் போகிறது!

மின்சாரத்துக்குத் தகடு போடுவதென்றால், ஒரு கிலோவாட்டுக்கு மாடியில் சுமார் 100 சதுர அடி வேண்டும். நல்ல வெயில் நாளில் நான்கு யூனிட் கிடைக்கும். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம்.

வாங்குகிறவர்களிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த அமைப்பு, கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மீது நம் வீட்டு மின்சாரம் பாயாமல் இருக்க இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துகொள்கிறது. அது பழுதில்லை, ஓர் உயிருக்கான காவல்.

அடுத்தது நிழல். தகடுகளை வரிசையாக இணைத்திருப்பதால் ஒன்றின்மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் விளைச்சலும் இறங்கக்கூடும். காலை ஒன்பது மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மாடியில் நின்று, எது எங்கே நிழல் போடுகிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். டிசம்பரில் பார்ப்பது இன்னும் நல்லது. சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் மிக நீளமாக விழும் மாதம் அது.